வாங்கிய புத்தகங்களும் வாங்காமல் விட்ட பதிப்புகளும்

இந்தத் தை மாதத்துப் புத்தகச் செலவு ஒருவழியாக முடிந்தது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக் கண்காட்சியில் பாதி, சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளில் கொஞ்சம், மீதி இணையத்தில். என்னென்ன வாங்கினாய் என்று கேட்கும் நண்பர்களிடம் வழக்கமாகத் தலைப்புகளை அடுக்கிவிட்டுப் போய்விடுவேன். இந்த முறை எந்தப் பதிப்பு, ஏன் அந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தமிழில் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு இப்போது பெரிய தலைவலியே அதுதான். நல்ல நாவல் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆசையாக வாங்கிவந்து, பக்கத்துக்கு நாலு பிழையும் கண்ணைக் குத்தும் பொடி எழுத்துமாக இருப்பதைப் பார்த்து இருபதாம் பக்கத்தில் மூடிவைத்தவர்கள், அந்த எழுத்தாளரே சரியில்லை என்று முடிவு கட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

எப்படி இந்த நிலை வந்தது என்றால், இரண்டு வழிகளில் வந்தது. பாரதியார், கல்கி, புதுமைப்பித்தன் என்று பலருடைய எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. இறந்து 60 ஆண்டு கடந்தவர்களின் எழுத்து தானாகவே பொதுவாகிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். வாசகனுக்கு விலை இறங்கியது, அது நல்லதுதான். ஆனால் அச்சிடுகிறவர்களில் எத்தனை பேர் மூலப் பதிப்பைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்? அட்டையைப் புதிதாகப் போட்டு, உள்ளே எங்கிருந்தோ எடுத்த கோப்பை அப்படியே ஓட்டிவிடுவதும் நடக்கிறது. இரண்டாவது, கேட்கக் கேட்க அச்சடித்துக் கொடுக்கும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறை. முன்பெல்லாம் 1000, 1200 பிரதி அடித்து அடுக்கிவைத்துக்கொண்டு பதிப்பாளர் தவிப்பார். இப்போது 50, 100 அடித்தாலே போதும். அதனால் காணாமல் போயிருந்த புத்தகங்கள் பல திரும்பி வந்திருக்கின்றன, அதை மறுக்கவே முடியாது. கூடவே குப்பையும் வந்திருக்கிறது.

சரி, வாங்கியவற்றுக்கு வருகிறேன்.

முதலில் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. வீட்டில் இருந்த பிரதி யாரிடமோ போய்த் திரும்பவில்லை, அதனால் மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. கண்காட்சியில் இதை ஒரு வரிசையில் போனாலே நாலைந்து கடைகளில் பார்க்கலாம், அத்தனையும் வேறு வேறு பதிப்பு. சுருக்கப் பதிப்பும் உண்டு, ஆகவே அட்டையில் மட்டும் பார்க்காமல் உள்ளே அத்தியாயக் கணக்கைப் பாருங்கள். முழு நூலில் 122 அத்தியாயம் இருக்க வேண்டும். ஆனந்த விகடனில் 1940-இல் தொடராக ஆரம்பித்தது, 1942-இல் அவர் காலமானதால் அந்த 122-ஓடு நின்றுபோயிற்று. அதற்குப் பிந்தைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரான்’ இருக்கிறது.

நான் எடுத்தது பெசன்ட் நகரில் இருக்கும் டாக்டர் உ.வே.சா. நூலகத்தின் பதிப்பு. அவருடைய சுவடிகளையும் குறிப்புகளையும் வைத்துப் பாதுகாக்கும் இடம் அது, 1943-இல் தொடங்கியது. பளபள அட்டையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். வடிவமைப்பில் பழைய வாசனை அடிக்கும், ஆனால் நம்பிப் படிக்கலாம், மேற்கோள் காட்டலாம். புத்தகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? கும்பகோணத்தில் 1880 அக்டோபர் 21 அன்று முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் போய்ப் பார்க்கிற இடம் ஒன்று போதும். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று படித்ததையெல்லாம் இவர் அடுக்க அடுக்க, முதலியார் கொஞ்சம்கூட அசையாமல், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். ஏழு வருஷம் கழித்து 1887-இல் சிந்தாமணி அச்சில் வருகிறது. நடுவில் அவர் பட்ட பாடுதான் புத்தகத்தின் சுவையான பகுதி. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, குறில் நெடில் கொம்புக்கு வித்தியாசம் கிடையாது, ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். சமண மரபு தெரியாமல் பல இடம் புரியவில்லை என்று கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

இந்த ரகரமும் காலும் விஷயத்தைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், பழைய பயண நூல் ஒன்றின் மறுபதிப்பு ஆர்டர் போட்டேன். அட்டை அருமை, நேச்சுரல் ஷேட் தாள், கையில் எடுத்தாலே நன்றாக இருந்தது. பிரித்தால் ‘காலம்’ என்று வரவேண்டிய இடமெல்லாம் ‘கரலம்’, ‘பாதை’ எல்லாம் ‘பரதை’. பழைய பிரதியை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளில் போட்டு, வந்ததை ஒரு மனிதக் கண்கூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏட்டைப் படித்து அந்தக் குழப்பத்தை ஒவ்வொரு சொல்லாகத் தீர்த்துக் கொடுத்தார் ஒரு மனிதர். நூற்று முப்பது நாற்பது வருஷம் கழித்து அதே குழப்பத்தை அச்சில் ஏற்றி முந்நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். புகார் சொன்னேன், மாற்றித் தருகிறோம் என்றார்கள். எதற்கு மாற்றுவார்கள்? அதே பதிப்பின் இன்னொரு பிரதிக்கு. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இதற்கு என்னால் சொல்ல முடிந்த ஒரே வழி, வாங்குவதற்கு முன் நடுவில் எங்காவது இரண்டு பக்கத்தைப் பிரித்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். முதல் பக்கத்தைப் படிக்காதீர்கள், அதை மட்டும் எல்லோரும் திருத்திவைத்திருப்பார்கள். இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால் மாதிரிப் பக்கம் கேளுங்கள். நாட்டுடைமை நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே இருக்கின்றன, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் ஏராளமாக உண்டு. அங்கே ஓர் அத்தியாயம் படித்துப் பிடித்திருந்தால் நல்ல பதிப்பாகத் தேடி வாங்கலாம், பிடிக்கவில்லையென்றால் காசு மிச்சம்.

அக்கா மகளுக்காகப் ‘பொன்னியின் செல்வன்’. படம் பார்த்துவிட்டு வந்த ஆசை. ஐந்து பாகமும் சேர்த்துக் கண்ணைப் பறிக்கும் குறைந்த விலையில் கண்காட்சி நுழைவிலேயே மலைமலையாகக் குவித்திருந்தார்கள், மக்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். நானும் எடுத்துப் பார்த்தேன். தாள் இந்தப் பக்கம் அச்சிட்டது அந்தப் பக்கம் தெரிகிறது, பத்திகளையெல்லாம் ஒட்டி நெருக்கியிருக்கிறார்கள், முதுகில் பசை மட்டும்தான், தையல் இல்லை. இவ்வளவு தடிமனான புத்தகத்துக்குத் தையல் இல்லையென்றால் இரண்டாவது ஆள் படிக்கும்போதே பக்கங்கள் கையோடு வரும். முதுகைக் கொஞ்சம் வளைத்து மேல் ஓரத்தில் பார்த்தால், தைத்த புத்தகத்தில் பாரம் பாரமாக (பாரம் என்றால் ஒன்றாக மடித்துச் சேர்த்த பக்கங்களின் கட்டு) மடிப்பு தெரியும். பசை மட்டும் போட்டதில் ஒரே வெட்டாக இருக்கும். இதைப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது.

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்கள் இல்லாமல் இந்த நாவலை ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. அந்தப் படங்களோடு விகடன் பிரசுரம் போட்ட பதிப்பைத்தான் வாங்கினேன். மலிவுப் பதிப்போடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குந்தவையும் நந்தினியும் பல்லக்கும் ஓடமும் எப்படி இருந்திருக்கும் என்று இரண்டு தலைமுறைக்குக் கற்பனை கொடுத்தவர் அவர். நமக்கு மட்டும் படிக்க, ஒருமுறை படித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிட என்றால் மலிவுப் பதிப்பு தாராளமாகப் போதும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அடுத்து ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இதை வாங்காதவர்கள் இந்த வருஷமாவது வாங்குங்கள் என்று கொஞ்சம் அதிகாரமாகவே சொல்கிறேன். சிங்கம்புணரிக்காரர், இளம் வயதில் வேலைக்காக இந்தோனேசியாவின் மேடான் நகரத்துக்குப் போனவர், யுத்தம் முடிந்து திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். எழுதியது மொத்தம் இரண்டே நாவல். ‘கடலுக்கு அப்பால்’ 1959-இல் புத்தகமாக வந்தது, இது 1972-இல். ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைகிறது, வட்டிக்கடைச் செட்டிப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள், அப்புறம் பினாங்குக்குத் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் கடல் பயணம், புயல், இந்திய தேசிய ராணுவம். நடுநடுவே மதுரைத் தெருக்களின் நினைப்பும், சங்கப் பாட்டையும் சிலம்பையும் கிண்டல் செய்து குடித்துக்கொண்டே பேசும் பேச்சும். தமிழில் யுத்த நாவல் என்று சொல்லிக்கொள்ள இதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

இதையும் பல பதிப்பகங்கள் வெளியிட்டிருக்கின்றன. இரண்டு நாவலும் ஒரே தொகுதியாக வந்த பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள், இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பதில் ஒரு லாபம் உண்டு: அதே ஊர்கள், அதே யுத்தம், ஆனால் முதல் நாவலில் அடக்கிவாசித்தவர் இரண்டாவதில் கட்டவிழ்த்துவிடுகிறார். இந்த நாவலில் பதிப்பு முக்கியமாவது எங்கே என்றால், மலாய்ச் சொற்களிலும் டச்சுத் தெருப் பெயர்களிலும். பிழைதிருத்துகிறவருக்குப் பழக்கமில்லாத சொற்கள், கை வைத்தால் கெட்டுவிடும், வைக்காவிட்டாலும் ஒரே சொல் மூன்று விதமாக வரும். நான் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து ஓர் ஊர்ப் பெயர் எப்படி வருகிறது என்று பார்த்துத்தான் எடுத்தேன். கடைக்காரப் பையன் இவருக்கு வேறு வேலையில்லையா என்பதுபோலப் பார்த்தான்.

சாகித்திய அகாதெமி கடையில் தாராசங்கர் பந்தோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’. த.நா.குமாரசாமி வங்காளத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தது. 1956-இல் மூல நூலுக்கு அகாதெமி விருது. நாடி பிடித்தே சாவு எப்போது வரும் என்று சொல்லிவிடும் கிராமத்து வைத்தியர் ஜீவன் மஷாய், புதிதாக வந்திருக்கும், ஆங்கில மருத்துவம் படித்த டாக்டர் பிரத்யோத், இருவருக்கும் நடுவில் நடக்கும் உரசல். உரசலில் யார் பக்கமும் சாயாமல் எழுதியிருப்பார். வயதான பெற்றோர் வீட்டில் இருப்பவர்கள் படித்தால் வேறு மாதிரி உறைக்கும். மொழிபெயர்ப்பு கொஞ்சம் பழைய நடை, முதல் முப்பது பக்கம் பொறுத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் அந்த நடைதான் அந்தக் கிராமத்துக்குப் பொருத்தம் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். அகாதெமி வெளியீடுகளும் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகளும் விலை விஷயத்தில் இன்றைக்கும் நம் பக்கம்தான். ஆனால் ஒன்று தீர்ந்துவிட்டால் அடுத்த அச்சு எப்போது வரும் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம், அதனால் பார்த்த இடத்தில் வாங்கிவிடுவது நல்லது. கண்காட்சி வரை காத்திருக்க வேண்டாம், தேனாம்பேட்டை குணா வளாகத்தில் அகாதெமியின் சென்னை அலுவலகம் இருக்கிறது.

வரலாற்றில் ஒன்று: ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’, காலச்சுவடு வெளியீடு, 2024-க்கான அகாதெமி விருது பெற்றது. வ.உ.சி. என்றால் கப்பல், செக்கு என்று இரண்டு படத்தோடு நம் ஞாபகம் நின்றுவிடுகிறது. 1908 மார்ச் 12-இல் அவரைக் கைது செய்த மறுநாள் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் என்ன நடந்தது, யார் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்த பிறகு அரசு என்ன செய்தது என்பதை ஆவணங்களை வைத்து எழுதியிருக்கிறார். வரலாற்று நூலுக்கு நான் பார்க்கும் தகுதி ஒன்றுதான், சொல்வதற்கெல்லாம் சான்று எங்கே என்று காட்ட வேண்டும். இதில் காட்டுகிறார். இன்னும் பாதியில்தான் இருக்கிறேன்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ வாங்கியது எனக்கில்லை, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த, இதுவரை தமிழில் நாவலே படிக்காத ஒரு தம்பிக்கு. 1973-இல் வந்த சின்னப் புத்தகம். குழாயில் தண்ணீர் வராத ஒரு சென்னைத் தெருவும் ஜமுனா, சாயா என்ற சகோதரிகளும். 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த எவருக்கும் இதைப் பழைய நாவல் என்று சொல்ல வாய் வராது. தமிழ் வாசிப்புக்குள் வருகிறவர்களுக்குக் கொடுக்க ஆயிரம் பக்க நாவலைத் தேடாதீர்கள், இதைக் கொடுங்கள்.

அல்லிக்குளம். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அங்கிருந்த பழைய புத்தகக்காரர்கள் வந்து சேர்ந்த இடம். இப்போது பெரும்பாலும் போட்டித் தேர்வு, நீட், இன்ஜினியரிங் புத்தகங்கள்தான், இலக்கியம் கேட்டால் ‘அதெல்லாம் யார் சார் கேக்குறா’ என்பார்கள், ஆனாலும் பின்னால் ஒரு மூட்டை இருக்கும். அந்த மூட்டையில் சோவியத் காலத்து முன்னேற்றப் பதிப்பகப் புத்தகங்கள் சில அகப்பட்டன. சிங்கிஸ் ஐத்மாத்தவின் கதைகள் ஒன்று எடுத்தேன். மாஸ்கோவில் உட்கார்ந்துகொண்டு பூ.சோமசுந்தரம், ரா.கிருஷ்ணையா, நா.தர்மராஜன் போன்றவர்கள் செய்த மொழிபெயர்ப்புகள் அவை. நாற்பது வருஷத்துப் புத்தகம், தையல் ஒன்றுகூட விடவில்லை. இப்போதைய கெட்டி அட்டைப் பதிப்புகளை நினைத்துக்கொண்டேன், வயிற்றெரிச்சல்தான் மிச்சம். பழைய புத்தகம் வாங்கும்போது கவனிக்க வேண்டியது இரண்டு: இராமபாணம் என்ற புத்தகப் பூச்சி துளைத்திருக்கிறதா என்று ஓரத்தைப் பாருங்கள், பக்க எண்களை 16, 16-ஆகத் தள்ளிப் பாருங்கள், ஒரு பாரம் முழுவதுமாகக் காணாமல் போயிருக்கும் பிரதிகள் நிறையச் சுற்றுகின்றன. பேரம் பேசலாம், அங்கே பேசாவிட்டால்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

விலை பற்றி. கண்காட்சியில் 10 சதவீதம் கழிவு என்பது ஊரறிந்தது. அதற்கு மேல் கொடுக்கிறார்கள் என்றால் ஒன்று, பழைய இருப்பு, இல்லையென்றால் அட்டை விலையிலேயே ஏற்றிவைத்திருக்கிறார்கள். புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, தாளுக்கு உண்டு, அந்தச் சுமை எப்படியும் நம் தலையில்தான் இறங்குகிறது. பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்ற பழைய கணக்கெல்லாம் எப்போதோ தாண்டிப் போயாயிற்று, புலம்பிப் பிரயோஜனமில்லை.

வெளியூர் நண்பர்களுக்குத் தபால் செலவு ஒரு பிரச்சினை. அஞ்சல்துறையின் குறைந்த கட்டணப் பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்தியதில் சின்னப் பதிப்பகங்களுக்கு நல்ல அடி. புத்தகம் 150 ரூபாய், அனுப்ப 80 ரூபாய் என்றால் யார் வாங்குவார்கள்? பிறகு 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாயில் ஆரம்பித்து 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் மெதுவாகத்தான் போகும், அவசரமில்லாதவர்களுக்கு அது போதும். ஆர்டர் போடும்போது எதில் அனுப்புவீர்கள் என்று நீங்களாகவே கேட்டுவிடுங்கள், கேட்காவிட்டால் கூரியர்தான். ஊரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பொதியாகப் போடச் சொன்னால் இன்னும் கட்டுப்படி ஆகும். சிங்காரத்தின் நாவல் இன்னும் இரண்டு பிரதிகள் அப்படித்தான் கோவில்பட்டிக்கு இந்த வாரம் போகின்றன.